எரிபொருள் கல வினையூக்கிக்கு நீடித்துழைக்கும் கார்பன்: ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புரோட்டான் பரிமாற்றச் சவ்வு எரிபொருள் கலத்தின் கேத்தோடில் பிளாட்டினம் தனியாக நிற்பதில்லை. 2 முதல் 3 நானோமீட்டர் அளவுள்ள அதன் துகள்கள் கார்பன் பொடியின் மேல் அமர்ந்திருக்கின்றன. எலக்ட்ரான் கார்பன் வழியாகவே ஓடுகிறது; ஆக்சிஜன் கார்பனின் இடைவெளிகள் வழியாக உள்ளே வருகிறது; உருவாகும் நீரும் அதே இடைவெளிகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்தக் கார்பன் அரித்துப் போனால், அதன் மேல் அமர்ந்திருக்கும் பிளாட்டினம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் மின்முனை இடிந்துவிடும். நீண்டதூர லாரிகளுக்கான எரிபொருள் கலம் 25,000 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை 2030-ஆம் ஆண்டுக்கு இலக்கு வைத்திருக்கிறது. அவ்வளவு காலம் தாங்கும் கார்பனைக் கண்டுபிடிப்பதும், அது தாங்கும் என்று ஐயமில்லாமல் காட்டுவதும்தான் நம் வேலை.

தமிழ்நாட்டில் ஓர் ஆய்வகத்தில் இந்தத் தலைப்பில் சேர்ந்தபோது, முதல் பதினான்கு மாதங்களில் எடுத்த தரவுகளில் பெரும்பகுதியை நான் பயன்படுத்த முடியாமல் போனது. கருவி பழுதாகவில்லை, பொருளும் மோசமில்லை. சோதனையின் வரிசையும் நோக்கமும் தவறாக இருந்தன. இன்று தொடங்கினால் எந்த வரிசையில் செய்வேனோ அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். முனைவர் பட்ட முதலாண்டு மாணவர்களையும், திட்டத்தில் புதிதாகச் சேர்ந்த இளநிலை ஆய்வாளர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

1. எந்தச் சிதைவைச் சோதிக்கிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள்

கார்பன் நீருடன் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடாக மாறுவதற்கு வெப்ப இயக்கவியல்படி 0.207 வோல்ட் போதும். கேத்தோடு எப்போதும் அதற்கு மேல்தான் இயங்குகிறது. ஆனாலும் கார்பன் பிழைத்திருப்பதற்குக் காரணம், 0.6 முதல் 0.9 வோல்ட் வரையுள்ள வழக்கமான இயக்கத்தில் அந்த வினை மிக மெதுவாக நடப்பதே. ஆபத்து வருவது வண்டியைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும். நின்றிருந்த கலத்தின் ஆனோடில் காற்று புகுந்திருக்கும்; கிளப்பும்போது ஹைட்ரஜன் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும்; சிறிது நேரம் ஆனோடின் ஒரு பாதியில் ஹைட்ரஜனும் மறு பாதியில் காற்றும் இருக்கும். காற்று இருக்கும் பகுதிக்கு எதிரே உள்ள கேத்தோடு அந்தச் சில நொடிகளில் ஏறத்தாழ 1.5 வோல்ட் வரை ஏறிவிடும். கார்பன் கரைவது அங்கேதான்.

ஆகவே இரண்டு வேறு சோதனைகள் இருக்கின்றன. 1.0 முதல் 1.5 வோல்ட் வரை ஏற்றி இறக்குவது கார்பன் தாங்கியைச் சோதிக்கும். 0.6 முதல் 0.95 வோல்ட் வரை ஏற்றி இறக்குவது, வண்டியின் வேகம் கூடிக் குறைவதைப் போன்றது. அது முதன்மையாகப் பிளாட்டினம் கரைந்து மீண்டும் படிவதையே சோதிக்கும். நான் ஓராண்டுக்கு மேலாக இரண்டாவது சோதனையை மட்டும் செய்துவிட்டு, "இந்தக் கார்பன் நீடித்துழைக்கிறது" என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். கார்பனுக்கு அங்கே சோதனையே நடக்கவில்லை. ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை என்று ஒரு வரி எழுதி, நெறியாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எல்லாம் எளிதாகும்.

2. கார்பனைத் தேர்ந்தெடுப்பது

புதிய கார்பன் ஒன்றைச் செய்து அதை மட்டும் சோதித்தால் யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. குறைந்தது மூன்று ஒப்பீடுகள் வேண்டும்.

முதலாவது, வல்கன் எக்ஸ்.சி.-72ஆர். கேபட் நிறுவனத்தின் இந்தக் கார்பன் பிளாக்கின் மேற்பரப்பு கிராமுக்கு ஏறத்தாழ 250 சதுர மீட்டர். உலகம் முழுவதும் இதை அடித்தளமாக வைத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டாவது, கெட்ஜன்பிளாக் போன்ற உயர் மேற்பரப்புக் கார்பன், அதன் இ.சி.-300ஜே வகை கிராமுக்கு 800 சதுர மீட்டர் அளவில் இருக்கும். அதன் நுண்துளைகளுக்குள் பிளாட்டினம் நன்றாகப் பரவி அமரும். தொடக்கச் செயல்திறன் கண்ணைக் கவரும். அரிப்பு என்று வரும்போது முதலில் விழுவதும் அதுவே. மூன்றாவது, 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிய கிராஃபைட்டாக்கிய கார்பன். அதன் அடுக்குகள் ஒழுங்காகிவிடுவதால் அரிப்பு வெகுவாகக் குறையும். ஆனால் மேற்பரப்பும் சுருங்கும். வல்கனை இப்படிச் சூடாக்கினால் 250 என்பது 100-க்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள இழுபறிதான் இந்தத் துறையின் மையச் சிக்கல். இதற்கு ஒரு நடுவழியாக வந்தது நடுத்தர அளவுத் துளைகள் கொண்ட கார்பன். 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய் காரின் வினையூக்கியில் இவ்வகைக் கார்பனைத்தான் பயன்படுத்தினார்கள். பிளாட்டினம் துளைக்குள் இருக்கும்; வெளியே உள்ள அயனோமரின் (புரோட்டானைக் கடத்தும் பாலிமரின்) சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் அதைத் தொட்டு நஞ்சாக்க முடியாது; துளையின் வாய் அகலமாக இருப்பதால் ஆக்சிஜன் எளிதாக உள்ளே போகும். மக்னீசியம் ஆக்சைடை அச்சாக வைத்துச் செய்த நடுத்துளைக் கார்பன்கள் சந்தையிலும் கிடைக்கின்றன. உங்கள் கார்பன் எதுவாக இருந்தாலும், இந்த வகையில் ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் உங்கள் முடிவுக்கு மதிப்புக் கூடும்.

பொறி: "எங்கள் குழாய் உலையில் கிராஃபைட்டாக்கினோம்" என்று எழுதிவிடாதீர்கள். அலுமினா குழாய் உலை பொதுவாக 1500, 1600 டிகிரியோடு நின்றுவிடும். அந்த வெப்பத்தில் மேற்பரப்பிலுள்ள ஆக்சிஜன் தொகுதிகள் போகும், ஓரளவு ஒழுங்கு வரும். அதைக் கிராஃபைட்டாக்கம் என்று சொல்ல முடியாது. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் 002 உச்சியைப் பாருங்கள். கிராஃபைட்டின் அடுக்கு இடைவெளி 0.3354 நானோமீட்டர், உங்கள் எண் 0.35-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் வெகுதூரம் இருக்கிறது என்று பொருள். ராமன் நிறமாலையில் 1350-க்கு அருகிலுள்ள டி உச்சியையும் 1580-க்கு அருகிலுள்ள ஜி உச்சியையும் ஒப்பிடுவது துணைச் சான்றாக மட்டுமே உதவும்.

3. கொள்முதல்: ஆவணங்களும் காலமும்

வேதியியலைவிட அதிகக் காலம் இங்கேதான் போகும். என் அனுபவத்தில் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பொடி ஒன்று இண்டென்ட் போட்ட நாளிலிருந்து மேசைக்கு வர ஏறத்தாழ நான்கு மாதம் ஆனது. திட்டம் தொடங்கிய முதல் வாரத்திலேயே பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள், தொகுதி எண்ணோடு கூடிய பகுப்பாய்வுச் சான்று, ஒரே நிறுவனம் மட்டும் விற்கும் பொருளானால் தனியுரிமைப் பொருள் சான்று, அரசு நிறுவனத்தில் கேட்டால், அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் அந்தப் பொருள் கிடைக்கவில்லை என்பதற்கான அறிக்கை, சுங்கச் சலுகைக்காக உங்கள் நிறுவனம் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறையில் பெற்றிருக்கும் பதிவுச் சான்றின் நகல். சில விற்பனையாளர்கள் இறுதிப் பயன்பாட்டு உறுதிமொழியும் கேட்பார்கள். அதில் "ஆராய்ச்சி" என்று ஒரே சொல்லில் எழுதினால் திரும்பி வரும். எந்த ஆய்வகம், எந்தச் சோதனை, எவ்வளவு அளவு என்று இரண்டு வரி எழுதுங்கள்.

செலவுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய கோப்பைப் பார்த்து அதே விகிதத்தைப் போட்டால், பொருள் வந்து இறங்கும் நாளில் பணம் குறையும். நடப்பு விகிதத்தைக் கணக்குப் பிரிவில் கேட்டு, அதன் பிறகே விலைப்புள்ளியின் ஒப்பீட்டுப் பட்டியலைத் தயாரியுங்கள்.

கார்பனை எப்போதும் ஒரே தொகுதி எண்ணில், மூன்றாண்டுக்குத் தேவையான அளவும் சேர்த்து வாங்குங்கள். கார்பன் பிளாக் விலை குறைவு. 100 கிராம் கூடுதலாக வாங்குவது பெரிய செலவாகாது. பணம் போவது வேறு இடங்களில். குளோரோபிளாட்டினிக் அமிலத்தின் எடையில் 38 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே பிளாட்டினம் இருக்கும். விலைப்புள்ளியைப் பிளாட்டினத்தின் கிராமுக்கு மாற்றி ஒப்பிடுங்கள். மாதிரியைப் பூசிச் சோதிக்கும் கண்ணாடிக் கார்பன் வட்டு மின்முனையில் ஒன்றை மட்டும் வாங்கி நிறுத்தாதீர்கள். மூன்று இருந்தால் ஒரே நாளில் மூன்று படலங்களை உலர்த்தலாம், சோதனைக் காலம் பாதியாகக் குறையும்.

வாயு உருளைகளில் 99.999 சதவீதத் தூய்மை கேளுங்கள். இந்தியாவில் ஹைட்ரஜன் உருளை சிவப்பு, ஆக்சிஜன் கறுப்பு, நைட்ரஜன் சாம்பல் உடலும் கறுப்புக் கழுத்தும். ஹைட்ரஜன் ரெகுலேட்டரின் மரை இடப்பக்கமாகத் திரும்பும். பொருந்தவில்லையே என்று பலத்தைக் காட்டி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

4. கலத்தைச் சுத்தம் செய்வது

இங்கே கலம் என்பது, அமிலம் நிரப்பி மின்முனைகளை இறக்கிச் சோதிக்கும் கண்ணாடிக் கலம். இந்தப் படியைக் கடக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். மிகச் சிறிதளவு குளோரைடும் பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜன் ஒடுக்க வினையைத் தடுக்கும். அதோடு பிளாட்டினம் கரைவதையும் வேகப்படுத்தும். நான் பழைய பழக்கத்தில் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை நேராகக் கலத்துக்குள் இறக்கினேன். அதன் நுனியிலிருந்து பொட்டாசியம் குளோரைடு கசிந்துகொண்டே இருந்தது. நீண்ட சோதனைகளில் எல்லாக் கார்பன்களும் ஒரே மாதிரி மோசமாகத் தெரிந்தன. மூன்று மாதத் தரவு அங்கே போயிற்று.

மீள்தகு ஹைட்ரஜன் மின்முனையைப் பயன்படுத்துங்கள். வாங்கப் பணமில்லையெனில், அதே அமிலத்தில் ஹைட்ரஜன் குமிழும் பிளாட்டினக் கம்பியைத் தனிக் குழாயில் வைத்து, நீங்களே அமைத்துக்கொள்ளலாம். பெர்குளோரிக் அமிலம் 0.1 மோலார் போதும்: 70 சதவீத அமிலம் ஏறத்தாழ 8.6 மி.லி. எடுத்து, நீரில் மெல்ல ஊற்றி, ஒரு லிட்டருக்குக் கொண்டு வாருங்கள். நீர் 18.2 மெகாஓம்–செ.மீ. தடை காட்ட வேண்டும். அடர் பெர்குளோரிக் அமிலம் கரிமப் பொருளோடு சேர்ந்தால் வெடிக்கக் கூடியது. காகிதத் துண்டால் சிந்தியதைத் துடைக்காதீர்கள், நிறைய நீரூற்றிக் கழுவுங்கள்.

கண்ணாடிக் கலம் சுத்தமா என்று எப்படி அறிவது? பலபடிகப் பிளாட்டின வட்டு ஒன்றைப் போட்டு, நைட்ரஜன் நிறைந்த அமிலத்தில் 0.05 முதல் 1.2 வோல்ட் வரை வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதியும் வளைவு) எடுங்கள். 0.4 வோல்ட்டுக்குக் கீழே ஹைட்ரஜன் உச்சிகள் இரண்டும் தனித்தனியே கூர்மையாகத் தெரிய வேண்டும். அவை மழுங்கித் தெரிந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கொதிநீரில் மீண்டும் மீண்டும் வேகவையுங்கள். இரண்டு நாள் போனாலும் பரவாயில்லை.

5. பிளாட்டினம் ஏற்றாத வெறும் கார்பனை முதலில் சோதியுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இது. மலிவானது, ஒரு வாரத்தில் முடிவது. உங்கள் கார்பன்களை ஒவ்வொன்றாக வட்டின் மேல் பூசி, 1.2 வோல்ட்டில் 24 மணி நேரம் நிறுத்தி வையுங்கள். முன்னும் பின்னும் வோல்டாமெட்ரி எடுங்கள்.

பின்னால் எடுத்த வளைவில் 0.6 வோல்ட் அருகே ஒரு சிறு மேடு எழுந்திருப்பதைக் காண்பீர்கள். மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலும் அது ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். கார்பன் பரப்பில் குயினோன், ஹைட்ரோகுயினோன் தொகுதிகள் உண்டாகியிருப்பதன் அடையாளம் அது. கெட்ஜன்பிளாக்கில் அந்த மேடு மறுநாள் காலையிலேயே தெளிவாக நிற்கும். நன்கு கிராஃபைட்டாக்கிய கார்பனில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் அச்சிட்டு மேசைக்கு மேலே ஒட்டி வைத்தேன். கார்பனைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியது அந்தத் தாள்தான்.

இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். முதலாவது, கண்ணாடிக் கார்பன் வட்டும் கார்பனே. அதுவும் இந்த மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் அடையும். ஆகவே எதுவும் பூசாத வட்டில் அதே சோதனையைச் செய்து அந்த மின்னோட்டத்தைக் கழிக்க வேண்டும். இரண்டாவது, ஓடிய மின்னேற்றம் முழுவதும் கார்பன் டைஆக்சைடாகப் போனதென்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பகுதி பரப்பில் ஆக்சைடாகவே தங்கிவிடும். 1 மில்லிகிராம் கார்பன் முழுவதும் கார்பன் டைஆக்சைடாக மாறினால் ஏறத்தாழ 32 கூலூம் வரும் என்ற கணக்கை, அதிகபட்ச இழப்பின் எல்லையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாட்டினம் தானே கார்பன் அரிப்பை ஊக்குவிக்கும் என்பதால், வெறும் கார்பனில் வந்த வரிசை பிளாட்டினம் ஏற்றிய பிறகு மாறக்கூடும். மாறினால் அதுவே எழுத வேண்டிய செய்தி.

6. பிளாட்டினம் ஏற்றுதல்

எத்திலீன் கிளைகோல் முறை புதியவர்களுக்கு ஏற்றது. குளோரோபிளாட்டினிக் அமிலத்தை எத்திலீன் கிளைகோலில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் காரமாக்கி, நைட்ரஜன் ஓட்டத்தில் 130 முதல் 160 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் நுண்துகள்கள் உண்டாகும். பிறகு அமிலம் சேர்த்துக் காரத்தன்மையைக் குறைக்கும்போது அவை கார்பனில் படியும். குளோரோபிளாட்டினிக் அமிலம் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் பொருள். நம் ஊர் ஈரக்காற்றில் தராசின் எண் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகும். குப்பியைத் திறந்ததும் முழுவதையும் கரைத்து, செறிவு தெரிந்த கரைசலாக வைத்துக்கொள்வது நல்லது.

வடிகட்டிய பிறகு கழுவும் நீரில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுங்கள். பால்போலக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. நீர் தெளிவாக நிற்கும்வரை சூடான நீரால் கழுவ வேண்டும். எனக்குப் பெரும்பாலும் இரண்டு லிட்டர் நீர் பிடித்தது.

கிராஃபைட்டாக்கிய கார்பனில் ஒரு தொல்லை உண்டு. அதன் பரப்பில் பிடிமானம் இல்லாததால் பிளாட்டினம் திரண்டு பெரிய துகள்களாகிவிடும். இதைத் தவிர்க்கப் பலர் நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துப் பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகளை உண்டாக்குகிறார்கள். அந்தக் குறைபாடுள்ள இடங்களிலிருந்துதான் பிறகு அரிப்புத் தொடங்கும். அரும்பாடுபட்டு வாங்கிய நீடித்துழைப்பை ஒரு மாலையில் கொடுத்துவிடுவதற்கு ஒப்பானது அது. மென்மையாக, குறைந்த நேரம் மட்டும் செய்யுங்கள். செய்த பிறகு ஐந்தாம் படியின் சோதனையை மீண்டும் செய்து, எவ்வளவு இழந்தீர்கள் என்பதைப் பதிவு செய்யுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எச்சரிக்கையைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒப்பிடும் எல்லா மாதிரிகளிலும் பிளாட்டினத் துகளின் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். 3 நானோமீட்டர் உருண்டைத் துகளுக்குக் கிராமுக்கு 93 சதுர மீட்டர் பரப்பு. 5 நானோமீட்டருக்கு 56. பெரிய துகள் மெதுவாகவே கரையும். ஆகவே 5 நானோமீட்டர் துகள் அமர்ந்த கார்பன், தொடக்கத்திலேயே பரப்பை இழந்துவிட்ட காரணத்தால், சோதனைக்குப் பிறகு சதவீதத்தில் குறைவாக இழந்ததாகத் தெரியும். அதைக் கார்பனின் பெருமையாக எழுதிய கட்டுரைகள் ஏராளம். உங்கள் மாதிரிகளின் அளவைச் சமமாக்க முடியாவிட்டால், வல்கன் மேல் அமர்ந்த வினையூக்கியை மந்த வாயுவில் சூடாக்கி அதன் துகளையும் 5 நானோமீட்டருக்கு வளர்த்து, அதை ஒப்பீடாக வையுங்கள்.

பிளாட்டினத்தின் உண்மையான சதவீதத்தை வெப்ப எடைப் பகுப்பாய்வில் காற்றில் எரித்து, மிஞ்சிய எடையிலிருந்து எடுங்கள். நீங்கள் போட்ட கணக்கை அப்படியே எழுதாதீர்கள். கழுவும்போது கொஞ்சம் போயிருக்கும்.

7. மையும் படலமும்

கணக்கு எளிது. 5 மி.மீ. விட்டமுள்ள வட்டின் பரப்பு 0.196 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 20 மைக்ரோகிராம் பிளாட்டினம் வேண்டுமென்றால் மொத்தம் 3.9 மைக்ரோகிராம். 40 சதவீத வினையூக்கியானால் 9.8 மைக்ரோகிராம் பொடி. 10 மைக்ரோலிட்டர் சொட்டில் அது வர வேண்டுமென்றால், 10 மி.லி. திரவத்துக்கு 10 மி.கி. பொடி போதும். இதற்குக் குறைவாக எடை போட்டால் தராசின் பிழையே முடிவைத் தீர்மானித்துவிடும்.

முதலில் நீரை ஊற்றிப் பொடியை முழுவதும் நனையுங்கள். அதன் பிறகே ஐசோபுரோப்பனால். உலர்ந்த பிளாட்டினப் பொடியின் மேல் ஆல்கஹாலை நேராக ஊற்றினால் தீப்பிடிக்கும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். பிறகு அயனோமரான நாஃபியானின் கரைசலைச் சேர்த்து, பனிக்கட்டி போட்ட மீயொலித் தொட்டியில் அரைமணி நேரம் வையுங்கள். தொட்டி சூடானால் மை திரிந்துவிடும்.

சொட்டு அப்படியே உலர்ந்தால் ஓரத்தில் தடித்த வளையமும் நடுவில் வெறுமையும் உண்டாகும். வட்டைத் தலைகீழாகப் பொருத்தி, மெதுவாகச் சுழலவிட்டு உலர்த்தினால் படலம் சீராகும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து மாதிரி எண்ணோடு சேமியுங்கள். சோதனை முடிந்த பிறகு எடுக்கும் படத்தோடு ஒப்பிட அது தேவைப்படும்.

8. விரைவுச் சிதைவுச் சோதனை

கார்பனுக்கு: நைட்ரஜன் நிறைந்த அமிலத்தில் 1.0 முதல் 1.5 வோல்ட் வரை, நொடிக்கு 500 மில்லிவோல்ட் வேகத்தில், 5,000 சுற்று. ஒரு சுற்று 2 நொடி. மொத்தம் 2 மணி 47 நிமிடம். இடையே 100, 500, 1,000, 3,000 சுற்றுகளில் நிறுத்தி வோல்டாமெட்ரி எடுங்கள். எல்லாம் சேர்த்து ஒரு மாதிரிக்கு ஒரு முழு நாள்.

பிளாட்டினத்துக்கு: 0.6 முதல் 0.95 வோல்ட் சதுர அலை, 30,000 சுற்று. சுற்றுக்கு 6 நொடியானால் 50 மணி நேரம். இடையில் மின்சாரம் போனால் சோதனை வீண், யு.பி.எஸ். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டன்ஷியோஸ்டாட்டுக்கு மட்டும் இருந்தால் போதாது, கணினியும் அதில்தான் இருக்க வேண்டும். கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் ஆவதையும் நிறுத்தி வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் ஞாயிறு இரவு முடியும் என்பது எங்கள் ஆய்வகத்தின் வழக்கம். அதற்கு வார இறுதி அனுமதிக் கடிதம் வியாழக்கிழமைக்குள் கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை செய்யுங்கள். நான்கு கார்பன், இரண்டு சோதனை, மூன்று முறை: 24 ஓட்டம். கலம் சுத்தம் செய்வது, கெட்டுப்போன படலம், விடுமுறை எல்லாம் சேர்த்து மூன்று மாதம் ஒதுக்கினால்தான் மூச்சுவிட முடியும். சோதனை முடிந்ததும் புதிய அமிலத்தை ஊற்றி, அதன் பிறகு ஆக்சிஜன் ஒடுக்க வினையை அளவிடுங்கள்.

9. எண்களை வாசிப்பது

ஹைட்ரஜன் உச்சிகளின் மின்னேற்றத்தை, சதுர செ.மீ.க்கு 210 மைக்ரோகூலூம் என்று வகுத்தால் பிளாட்டினத்தின் செயல்பரப்புக் கிடைக்கும். அது குறைந்திருந்தால் உடனே கார்பனைக் குற்றம் சொல்ல வேண்டாம். 0.4 முதல் 0.5 வோல்ட் பகுதியிலுள்ள இரட்டை அடுக்கின் அகலத்தைப் பாருங்கள். செயல்பரப்பும் அகலமும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தால், படலம் உதிர்ந்துவிட்டது. படத்தைப் பாருங்கள், ஓரம் வெளுத்திருக்கும். அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். செயல்பரப்புக் குறைந்து, அகலம் கூடி, 0.6 வோல்ட்டில் மேடும் எழுந்திருந்தால், அது கார்பனின் ஆக்சிஜனேற்றம். செயல்பரப்பு மட்டும் குறைந்து மற்றவை அசையாமல் நின்றால், பிளாட்டினத்தின் கரைவையும் திரட்சியையும் சந்தேகியுங்கள்.

வட்டை நிமிடத்துக்கு 1600 முறை சுழற்றி ஆக்சிஜன் ஒடுக்க வினையை அளக்கும்போது எல்லை மின்னோட்டம் சதுர செ.மீ.க்கு 5.7 முதல் 6 மில்லியாம்பியர் அளவில் வர வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் 0.9 வோல்ட்டில் கணக்கிட்ட செயல்திறனை நம்ப முடியாது. கரைசலின் தடையைத் திருத்தாமல் எதையும் எழுத வேண்டாம், 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் அது 20 முதல் 30 ஓம் இருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறையின் அளவுகோல், சோதனைக்குப் பிறகு நிறைவழிச் செயல்திறன் (பிளாட்டினத்தின் எடைக்குக் கணக்கிட்ட செயல்திறன்) இழப்பு 40 சதவீதத்துக்குள், செயல்பரப்பு இழப்பும் 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. அந்த அளவுகோல் 80 டிகிரியில் உண்மையான கலத்துக்கு வகுத்தது. அறை வெப்பத்தில் அமிலக் கலத்தில் 40-க்குள் வந்தால் இலக்கை எட்டிவிட்டதாக எழுதக் கூடாது.

10. வெளிக் கருவிகளுக்கு மாதிரி அனுப்புவது

ஊடுருவு மின்னணு நுண்ணோக்கி, மேற்பரப்பு அளவீடு, எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலை எல்லாம் எல்லா ஆய்வகத்திலும் இருக்காது. ஆய்வுக் கருவிகளைப் பகிர்வதற்கான தேசியத் தளமான ஐ-ஸ்டெம்மில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடலாம், சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள நுட்பக் கருவி மையமும் வெளி மாதிரிகளை எடுத்துக்கொள்கிறது. படிவம், நெறியாளர் கையெழுத்து, கட்டண ரசீது, பாதுகாப்புத் தகவல் தாள் ஆகியவற்றோடு, என்ன பார்க்க வேண்டும் என்பதை அரைப் பக்கத்தில் எழுதி இணையுங்கள். அந்த அரைப் பக்கம் இல்லாவிட்டால், இயக்குநர் அழகான இடத்தைப் படமெடுத்துக் கொடுத்துவிடுவார். உங்களுக்கு வேண்டிய இடம் இருக்காது.

சோதனைக்கு முன்னும் பின்னும் அதே துகள்களைப் பார்க்க விரும்பினால், எண் பொறித்த தங்க வலையில் வினையூக்கியைப் பூசி, அதையே மின்முனையாக வைத்து மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கலாம். செம்பு வலையைப் பயன்படுத்தாதீர்கள். அது அமிலத்தில் கரைந்து பிளாட்டினத்தின் மேல் படியும்.

11. உண்மையான கலத்துக்கு ஏற்றும்போது

அமிலக் கலத்தில் வென்ற கார்பன் சவ்வு–மின்முனைத் தொகுப்பில் தோற்பதுண்டு. அரிக்கப்பட்ட கார்பன் நீரை ஈர்க்கும் தன்மையடைந்து, துளைகளில் நீர் தேங்கி, ஆக்சிஜனின் வழியை அடைக்கும். அமிலத்தில் மூழ்கிய வட்டில் இது தெரியவே தெரியாது. அயனோமர்–கார்பன் விகிதத்தை வல்கனுக்கு வைத்த அளவிலேயே எல்லாக் கார்பனுக்கும் வைக்காதீர்கள். கிராஃபைட்டாக்கிய கார்பனின் பரப்புக் குறைவு என்பதால் அதே அளவு அயனோமர் தடித்த உறையாகிவிடும். ஒவ்வொரு கார்பனுக்கும் மூன்று விகிதமாவது முயன்று, சிறந்ததையே ஒப்பிடுங்கள். இதற்கு மட்டும் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையின்போது கேத்தோடு வெளியேற்றத்தில் அகச்சிவப்புக் கார்பன் டைஆக்சைடு உணரியை இணைக்க முடிந்தால் இணைத்துவிடுங்கள். கார்பன் போகும் அளவு அப்போதே எண்ணாகத் தெரியும், மறைமுகமாக ஊகிக்க வேண்டியதில்லை. முடிந்த பிறகு தொகுப்பை வெட்டி, குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பாருங்கள். தொடக்கத்தில் 10 மைக்ரோமீட்டர் தடிமனோடு பஞ்சுபோல இருந்த அடுக்கு, வல்கனில் அழுந்திய தாள்போல மெலிந்திருப்பதை ஒருமுறை பார்த்தால் போதும். வெட்டிய துண்டின் மறுபாதியை மாதிரி எண்ணும் தேதியும் எழுதிய உறையில் போட்டு, உலர்பெட்டியில் வைத்துவிடுங்கள். கட்டுரையை மதிப்பிடுபவர் எட்டு மாதம் கழித்து அதைத்தான் கேட்பார்.